மழை வந்தால் தறி நிற்கும்!

ஐப்பசியில் மழை பிடித்தால் மானாவாரி விவசாயிக்கு நிம்மதி. கரிசல் காட்டில் போட்ட பருத்தி விதை முளைத்துவிடும். ஆனால், பருத்தி நூலை நம்பியிருக்கும் கைத்தறி நெசவாளர் வீட்டில் அதே மழை வேலையை நிறுத்திவிடும். விவசாயியைப்போலவே நெசவாளரும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறார். அவர் பார்ப்பது வெயிலுக்காக!

காட்டிலிருந்து தறிக்கு

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் கருங்கண்ணி, மாசி, பங்குனியில் வெடித்து எடுப்புக்கு வரும். இழை குட்டை என்பதால் தடித்த நூலுக்கே ஏற்றது. முன்பெல்லாம் காட்டு வேலை ஓய்ந்த கோடையில் பெண்கள் ராட்டையில் நூற்றார்கள். இப்போது அந்த வேலை மில்லுக்குப் போய்விட்டது. கைத்தறிக்கு நூல் சிட்டமாக வருகிறது. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் இருந்தால் அது 40-ம் நம்பர் நூல். நம்பர் கூடக்கூட நூல் மெலியும்.

விடியற்காலைத் தெரு

துணியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு; குறுக்கே ஓடுவது ஊடை. பரமக்குடி, சின்னாளபட்டி, அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊர்களில் பாவுக்குக் கஞ்சி போடத் தெருதான் களம். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, பெரிய பிரஷ்ஷால் நீவிவிடுவார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியில் உரசி அறுந்துவிடும். இழை விறைக்காமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. இளவெயிலில் மெல்லக் காய வேண்டும். இதற்கு ஒரு குடும்பம் போதாது. பக்கத்து வீட்டாரும் கை கொடுப்பார்கள். அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் மாற்றிக்கொள்வதைப்போலத்தான்.

மாதத்துக்கு ஒரு பாடு

தை முதல் பங்குனி வரை தறி தடையில்லாமல் ஓடும். சித்திரை, வைகாசியில் காற்று வறண்டு இழை அடிக்கடி அறும். அப்போது கைகொடுப்பது குழித்தறி. நெசவாளர் காலை இறக்கி மிதிக்கும் பள்ளத்தின் மண் ஈரம் இழையைக் காக்கும். ஆடியில் தெருவில் விரித்த பாவைக் காற்று புரட்டிப்போடும்.

ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். கஞ்சி காயாது, ஈரப் பாவில் பூஞ்சணம் ஏறும். கோடையில் உதவிய அதே குழியில் தண்ணீர் ஊறும். தீபாவளிச் செலவும் அந்த நேரத்தில்தான் வரும். முன்பணம் வாங்கிச் சமாளிக்கும் குடும்பங்கள், தையில் தறி ஓடியதும் கூலியில் கழிக்கின்றன.

கணக்கில் வராத கைகள்

கூலி, சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. தறியில் உட்காருபவர் ஒருவர். அவருக்காகச் சமையலுக்கு நடுவே ராட்டையில் தார் சுற்றுவது மனைவி. சிக்கல் எடுப்பது வயதான அம்மா. அறுந்த இழையைப் பிணைப்பது, படிப்பு முடித்து வேலை தேடும் மகள். இவர்களுக்கென்று தனிக் கூலி பெரும்பாலும் இல்லை.

இந்த வலி விவசாயிகளுக்குத் தெரியும். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான சாகுபடிச் செலவில் குடும்பத்தாரின் உழைப்புக்கும் மதிப்பு போடப்படுகிறது. அது போதுமா என்பது வேறு விவாதம். சேலைக் கூலி பேசும்போதும் தார் சுற்றிய கைக்கு ஒரு வரி வேண்டும்.

என்ன செய்யலாம்?

மழையைத் தள்ளிவைக்க முடியாது; பாவை நனையாமல் காக்க முடியும். தெருவுக்கு ஒரு நீளமான கூரைக் கொட்டகை இருந்தால் தூறலிலும் கஞ்சி போடலாம். தாழ்வான வீடுகளில் தரைக்கு மேல் உயர்த்தி அமைக்கும் தறி, குழியில் தண்ணீர் ஊறும் தொல்லையைத் தவிர்க்கும். புரட்டாசிக்குள் ஓரிரு பாவுகளைக் கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுற்றிவைத்தால், மழை நாள்களில் தறி முழுக்க நிற்காது. அதற்கு நூல் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க: கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பவர்களும் இருக்கிறார்கள். 2006 முதல் நடைமுறையில் இருக்கும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நேரடியாக வாங்குவது நல்லது.