கழுவினாலும் போகாத நஞ்சு

கீரைக்கட்டை வாங்கி வந்ததும் வேரை நறுக்கி, மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுகிறோம். பிறகு வேகவைக்கிறோம். இனி அச்சமில்லை என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படித்தானா?

புதுச்சேரி, வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. அதைச் சுற்றிக் கிராமங்களும் இருக்கின்றன. ஆலையும் விளைநிலமும் அருகருகே உள்ள எந்த ஊரிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆலையிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது?

பெருநகரங்களை ஒட்டிய தோட்டங்களுக்குக் கழிவுநீர் பாய்வது புதிதன்று. ஐதராபாத்தில் மூசி ஆற்றோரமும் டில்லியில் யமுனைக் கரையிலும் இப்படிக் கீரையும் காய்கறியும் விளைகின்றன. உழவரைக் குறை சொல்வதற்கில்லை. கோடையிலும் வற்றாத நீர் அது. நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் இருப்பதால் உரச்செலவும் குறைவு. ஆனால் அந்த நீரில் இருவகைத் தீங்குகள் ஒளிந்திருக்கின்றன.

வெந்தால் சாகும் தீங்கு

வீட்டுக் கழிவுநீரில் டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கும். இவை பெரும்பாலும் இலையின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும். கொதிக்கவைத்தால் மிச்சமும் மடியும். பச்சையாக உண்ணும் வெள்ளரி, கொத்தமல்லி, புதினா போன்றவற்றில்தான் ஆபத்து மிகுதி. இத்தகைய பயிர்களுக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரையறுத்தது.

வெந்தாலும் சாகாத தீங்கு

தோல் பதனிடும் ஆலை, மின்முலாம் பூசும் பட்டறை முதலியவற்றின் கழிவில் குரோமியம், காட்மியம், நிக்கல் போன்ற உலோகங்கள் இருக்கலாம். கிருமி ஓர் உயிர், சூட்டில் சாகும். காட்மியமோ ஒரு தனிமம். அடுப்பின் வெப்பம் ஓர் அணுவை வேறோர் அணுவாக மாற்றாது. ஆயிரம் டிகிரியிலும் காட்மியம் காட்மியமே!

அது இலைக்குள் எப்படிப் போகிறது? காசித்தும்பைத் தண்டு ஒன்றை வெட்டிச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் இலை நரம்புகள் சிவக்கும். இலைகள் நீரை ஆவியாக்க, கீழிருந்து நீர் மேலேறுகிறது. அதில் கரைந்தவையும் கூடவே ஏறுகின்றன. நீர் ஆவியாகிவிடும், உலோகம் இலையிலேயே தங்கும். தனிம அட்டவணையில் துத்தநாகத்திற்கு நேர் கீழே இருப்பது காட்மியம். செடிக்குத் துத்தநாகம் தேவை. அதை உறிஞ்சும் வேர், அதைப் போன்ற காட்மியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே பொதுவாகக் காயைவிடக் கீரையில்தான் இது அதிகம் சேரும். ஆயினும் கீரை பச்சைப்பசேலென்றே இருக்கும்! கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ கீரையில் 0.2 மில்லிகிராம் காட்மியத்தையே அனுமதிக்கிறது. அதாவது 50 லட்சத்தில் ஒரு பங்கு. ஏன் இத்தனை கண்டிப்பு? சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு நாள் உணவும் அந்தக் கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

இரண்டு பாடங்கள்

ஜப்பானில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்த நீர் நெல் வயல்களில் பாய்ந்தது. அரிசியை உண்டவர்களின் எலும்புகள் மெலிந்து முறிந்தன. நோயாளிகளின் வேதனைக் குரலான 'இதாய் இதாய்' (வலிக்கிறது, வலிக்கிறது) என்பதே நோயின் பெயராயிற்று. மாசினால் வந்த நோய் இது என்று 1968-இல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது. வயல் மண்ணைச் சீர்ப்படுத்தும் பணி 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது.

நம் பாலாற்றுப் படுகையிலும் தோல் ஆலைக் கழிவு நிலத்தைக் கெடுத்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வு கண்டதை, 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறியது.

ஆக, கிருமியைச் சமையலறையில் வெல்லலாம். உலோகத்தை ஆலையின் வாசலில்தான் தடுக்க வேண்டும். ஆலை நீரைச் சாக்கடையில் கலக்காமல் தனியே பிரித்து, சுண்ணாம்பு சேர்த்தால் பல உலோகங்கள் வீழ்படிவாகி அடியில் தங்கும். அந்தச் சேற்றைப் பத்திரமாக அகற்ற வேண்டும்.

உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, வழியில் எந்தக் குழாய்கள் அதில் விழுகின்றன, எந்தத் தோட்டத்தில் பாய்கிறது? நண்பர்களோடும் ஆசிரியரோடும் நடந்து சென்று ஒரு படம் வரையுங்கள். ஐயம் எழுந்தால் அந்தப் படத்துடன் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு எழுதி, நீரைச் சோதிக்கக் கேளுங்கள்.