தலையில் அடிபட்டவரும் ஊராரின் கடமையும்

தலையில் பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர் உயிர் பிழைத்து ஊர் திரும்பினால், ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் கருதுகிறோம். ஆனால் அவருடைய கஷ்டங்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகே ஆரம்பமாகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் சென்று விழுவதாலும், பனை, தென்னை மரங்களிலிருந்து தவறி விழுவதாலும், டிராக்டர் கவிழ்வதாலும் மூளை காயமடைகிறது. கை ஒடிந்தால் கட்டு தெரியும். கால் ஊனமுற்றால் ஊன்றுகோல் தெரியும். மூளையின் காயமோ வெளியே தெரிவதில்லை. மண்டையின் புண் ஆறி, முடி வளர்ந்து தழும்பை மூடிய பின்னரும் உள்ளே ஏற்பட்ட சேதம் நீடிக்கலாம்.

அதன் அறிகுறிகள் யாவை? காலையில் சொன்னது மாலையில் நினைவிருப்பதில்லை. சிறிது நேரம் வேலை செய்தாலும் மிகுந்த களைப்பு உண்டாகிறது. ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தாங்க முடிவதில்லை. அற்ப விஷயத்திற்கும் கோபம் மூள்கிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. சிலருக்கு வாசனை அறியும் சக்தி போய்விடுவதால், எரிவாயு கசிவதைக்கூட உணர மாட்டார்கள்.

தடுமாறி நடப்பவரைக் குடிகாரர் என்று ஏசுவதும், களைத்து உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்பதும், கோபிப்பவரைப் பேய் பிடித்ததென்று மந்திரவாதியிடம் அழைத்துச் செல்வதும் பெருந்தவறாகும். முதல் சில மாதங்களில் குணம் விரைவாகத் தெரியும். பின்னர் அது மெதுவாக, வருஷக்கணக்கில் நிகழக்கூடும். ஆகவே பொறுமை இன்றியமையாதது.

இத்தகையவருக்கு வேலை மறுப்பது முறையன்று. ஏற்ற வேலை தருவதே முறை. ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் சொல்ல வேண்டும். இடையிடையே ஓய்வு தர வேண்டும். செய்ய வேண்டியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் மறதியைப் பெரிதும் சமாளிக்கலாம். வலிப்பு உள்ளவரை மரமேறவோ, கிணற்றில் இறங்கவோ, இயந்திரம் ஓட்டவோ விடலாகாது. வலிப்பு மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது அபாயம். மது அறவே கூடாது. மீண்டும் ஒருமுறை தலையில் அடிபட்டால் தீங்கு பன்மடங்காகும்.

இன்னொரு விஷயத்திலும் நாம் விழிப்பாயிருத்தல் அவசியம். நினைவும் நிதானமும் குன்றியவரிடம் கடன் பத்திரத்திலோ நில விற்பனைப் பத்திரத்திலோ கையொப்பம் வாங்கிவிட்டால், ஒரு குடும்பமே நிலமிழந்து நிற்க நேரிடும். குடும்பத்தாரை வைத்துக்கொண்டு, அவருக்கு விளங்கும்படி பலமுறை எடுத்துச் சொல்லாமல் எந்தப் பத்திரமும் எழுதலாகாது. இதற்கு ஊர்ப் பெரியவர்களே காவலாயிருக்க வேண்டும்.

இரவு பகலாக அவரைப் பேணும் மனைவியையோ தாயையோ நாம் மறந்துவிடுகிறோம். அண்டை வீட்டார் வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் துணையிருந்தால், அவர் ரேஷன் கடைக்கும் வயலுக்கும் சென்று வர முடியும். சற்றே உறங்கவும் முடியும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியதும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. காயத்தினால் நிலைத்துவிட்ட குறைபாடு அவற்றுள் ஒன்றாக அமையுமானால், மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். விண்ணப்பம் எழுதவும், மாவட்ட அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லவும் அங்கத்தினர் ஒருவர் முன்வர வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. தேவைப்படுவோர் பெயரைச் சுகாதார ஊழியரிடம் தெரிவிப்பது நம் கடமை. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவ ஏற்பட்டது. விபத்து கண்டவுடன் 108-ஐ அழைக்கத் தயங்கலாகாது.

மருத்துவர் உயிரைக் காத்துத் தந்தார். அந்த உயிர் மதிப்போடு வாழ இடந்தருவது ஊரின் பொறுப்பு. அடுத்த கிராம சபையில், நம் ஊரில் இவ்வாறு துன்புறுவோர் யார் யார் என்று கேட்பதே முதற்பணியாகட்டும்.