பரீட்சைக் காலமும் நம் பிள்ளைகளின் மனமும்



ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். வயிற்றுவலி, தலைவலி, வாந்தி, மயக்கம் என்று 15 முதல் 18 வயதுள்ள பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாக வருகிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் நடக்கும் காலம் அது. இந்தப் பிள்ளைகளைப் பற்றியே இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் அழைத்து வந்தார். மூன்று வாரமாக வயிற்றுவலி. காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அதிகம்; ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. இரண்டு இடங்களில் காட்டி ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். "நடிக்கிறாளோ என்று சந்தேகமாயிருக்கிறது, டாக்டர்" என்றார் தாயார், மகளின் காதில் விழும்படியாகவே.

எங்கள் மருத்துவர் அம்மையார் தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "நேற்று எத்தனை மணிக்கம்மா தூங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுகிறாள். காலையில் டியூஷன், சாப்பிட நேரமில்லை, காபி மட்டும். மாலையில் மறுபடியும் கோச்சிங் வகுப்பு. அதற்காகத் தகப்பனார் கடன் வாங்கியிருக்கிறார். சபையிலோ எல்லோரும் அவளை "டாக்டரம்மா" என்றே கூப்பிடுகிறார்கள். "மார்க் வராவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்பதே அவள் கேள்வி. (அவளும் பெற்றோரும் சம்மதித்ததால், அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறோம்.)

வலி பொய்யல்ல

அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. அவளுக்கு வலித்தது உண்மை. 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வால்டர் கேனன் என்னும் அமெரிக்க அறிஞர், பூனைகளுக்கு உணவு கொடுத்து, வயிறு அசைவதை அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே மூலம் கவனித்தார். பூனை கலக்கமடைந்தபோதெல்லாம் அந்த அசைவு நின்றுபோனதைக் கண்டார்.

நம் உடலிலும் இதுவே நடக்கிறது. ஆபத்து என்று மூளை எண்ணியவுடன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஜீரணம் தடைப்படுகிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. சில நிமிடங்களில் அடங்கிவிடும். பரீட்சைப் பயமோ மாதக்கணக்கில் நீடிக்கிறது. உடல் ஓய்வின்றி எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் மன அழுத்தம் என்கிறோம். அளவோடு இருந்தால் அது பிள்ளையைப் படிக்கத் தூண்டும். அளவு மீறினால் படித்ததும் நினைவுக்கு வராது.

இந்த வயதில் ஏன் அதிகம்?

உணர்ச்சிகளைத் தூண்டும் மூளைப் பகுதிகள் பருவ வயதில் வேகமாக வேலை செய்கின்றன. அவற்றுக்குக் கடிவாளம் போடும் முன்மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரு மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தால், "வாழ்க்கையே போய்விட்டது" என்று அவர்களுக்கு மெய்யாகவே தோன்றுகிறது.

தூக்கத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தூக்கம் வரச்செய்யும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் எழவும் கடினம். இது சோம்பல் அல்ல. 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. நம் மாணவிக்குக் கிடைத்ததோ மூன்றரை மணி. பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. தூக்கத்தையும் காலை உணவையும் முதலில் சரிசெய்யுங்கள். மாலைக்குப் பின் காபி, டீ வேண்டாம். படுக்கும்போது செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

2. முக்கால் மணி நேரம் படித்தால் பத்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்ப்பது அதிகம் பதியும்.

3. படபடப்பு வரும்போது நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் நெஞ்சுத் துடிப்பு அடங்கத் தொடங்கும். பரீட்சை அறையிலும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம்.

4. மாலையில் அரைமணி நேரம் விளையாட்டோ நடையோ இருக்கட்டும். அது வீண்நேரம் அல்ல.

5. புத்திமதி சொல்லுமுன் கேளுங்கள். "என்ன மார்க்?" என்பதற்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருங்கள்.

விசுவாசக் குறைவா?

நம் சபைகளில் இப்படிப்பட்ட பிள்ளையிடம், "இன்னும் ஜெபித்தால் பயம் போய்விடும்" என்று சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொன்னாலும், பயத்தின்மேல் குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது. சூரைச்செடியின் கீழ், போதும் என்று சோர்ந்து படுத்த எலியாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனம் அல்ல. தூக்கமும் அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை. பிறகுதான் பயணம். நாமும் ஜெபிப்போம், ஆனால் பிள்ளையைத் தூங்கவும் விடுவோம்.

தாமதிக்கக்கூடாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலும், நண்பர்களை விட்டு ஒதுங்கினாலும், பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்தாலும், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று பேசினாலும், அதை நாடகம் என்று தள்ளாதிருங்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. மனதிலிருப்பதைச் சொல்ல வழி கிடைக்கிறது. பிள்ளையைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ரிசல்ட் வரும் நாளிலும் பிள்ளையோடு இருங்கள். மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். இதைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

அந்த மாணவியின் தகப்பனார் மறுவாரம் வந்தார். "கடனைப்பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லையே!" என்றார். "வீடு சிறியது ஐயா, இரவில் நீங்கள் இருவரும் பேசுவது அவளுக்குக் கேட்கும்" என்றார் மருத்துவர் அம்மையார். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். அன்று இரவு மகளிடம், "கடன் என் பாடு. உன் பாடு படிப்பு மட்டும். மார்க் எவ்வளவு வந்தாலும் நீ என் மகள்" என்று சொன்னதாகப் பின்னர் அறிந்தோம். விடியற்காலை டியூஷனை நிறுத்தினார்கள். வலி ஒரே நாளில் போகவில்லை. ஐந்தாறு வாரத்தில் குறைந்தது.

ரிசல்ட் வந்த அன்று தகப்பனார் எங்களுக்குப் போன் செய்தார். "பாஸ் பண்ணிவிட்டாள், டாக்டர். நாங்கள் நினைத்த மார்க் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள்" என்றார்.

உங்கள் வீட்டிலும், ஞாயிறு பள்ளியிலும், அடுத்த தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இந்த வாரமே அருகில் அமர்ந்து, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டுப்பாருங்கள்.

உங்கள் அன்பின் ஊழியத்தில்,
மருத்துவமனைக் குடும்பத்தினர்