மெதுவாக அசைந்தால் என்ன கிடைக்கும்?

டீயைக் குடிங்க அண்ணாச்சி, நிதானமாகப் பேசுவோம். சீனத்துப் பெரியவர்கள் பூங்காவில் நின்று கையை மெல்ல அசைப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, “இதச் செஞ்சா சுகர், மூட்டுவலி எல்லாம் போயிருமா?” என்று கேட்கிறீர்கள். போகாது. ஆனால் அந்த வியாதிகளை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுவது கொஞ்சம் லேசாகலாம்.

அதற்குப் பெயர் தாய்ச்சி. முதலில் அது சண்டைக் கலை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை எல்லோரும் பழகும்படி 24 அசைவுகளாகச் சுருக்கியது. அதைவிட எளிது பாதுவான்ஜின் என்னும் இன்னொரு சீனப் பயிற்சி, மொத்தமே எட்டு அசைவுகள்தான்.

எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள். சூட்சுமம் காலில் இருக்கிறது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியைச் சற்றே தளர்த்துங்கள். உடம்புப் பாரம் முழுவதையும் இடது காலுக்கு மாற்றுங்கள். வலது கால் கனமில்லாமல் ஆனதும் அதை எடுத்து, முதலில் குதிகால், பிறகு பாதம் என்று வையுங்கள். அப்புறம் பாரத்தை அங்கே கொண்டுபோங்கள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழுக்குத் தரையில் நடக்கும் நடைதான். தொடை வலுக்கும், தடுமாற்றம் குறையும், மூச்சும் சீராகும். நாள் முழுக்க உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டி, பட்டாசுக்குத் திரி வைத்து, எழும்போது முட்டியைப் பிடிப்பவர்களுக்கும் இந்த வேகம் தோதானது.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்த 195 பேரை அமெரிக்காவின் ஓரிகனில் 24 வாரம் சோதித்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சி பழகியவர்கள் குறைவாகவே கீழே விழுந்தார்கள். நுரையீரல் கெட்டு இழுப்பு வாங்கும் சி.ஓ.பி.டி. நோயாளிகள் 120 பேரிடம் சீனாவில் நடந்த சோதனையில், ஆஸ்பத்திரி தரும் மூச்சு மறுவாழ்வுப் பயிற்சிக்கு இணையாகவே தாய்ச்சி நின்றது.

நம் நாட்டு யோகாவுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. மாரடைப்பு கண்ட 3,959 பேரை 24 மருத்துவமனைகளில் சேர்த்து நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வு 2020-இல் வெளியானது. யோகா மறுபடி வரும் மாரடைப்பையும் சாவையும் குறைத்தது என்று அதில் உறுதியாகவில்லை. ஆனால் தன் உடல்நிலைக்குத் தானே போடும் மார்க்கும், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் யோகா செய்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. தாய்ச்சியோ யோகாவோ, கிடைக்கும் லாபம் பெரும்பாலும் இந்த வகைதான். அதைச் சின்ன லாபம் என்று தள்ளக்கூடாது; தினமும் நோயோடு இருப்பவருக்கு அன்றாடம்தானே வாழ்க்கை!

எனவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். சுகரால் பாதம் மரத்திருந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் பாதியில் விடமாட்டீர்கள். மூன்று மாதம் கழித்து சுகர் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காமல், நம்மூர் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்குப் படியேறிப் பாருங்கள்: முன்பு எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள், இப்போது எத்தனை இடத்தில் என்று.