குழாயில் படிவது உப்பு அல்ல! பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் நிலவும் சில தவறான நம்பிக்கைகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘‘தண்ணி எப்படிங்க, உப்பா, நல்ல தண்ணியா?’’ வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி, குளியலறைக் குழாயின் கழுத்தை ஒருமுறை பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது போர் தண்ணீர். ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, அடுத்து ஆசிட் பாட்டிலைத் தேடுவார்கள்.

முதல் தவறு இங்கேதான். அது உப்பு அல்ல. உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதுமே கரைந்து ஓடியிருக்கும். நாள் முழுக்க நனைந்தும் கல்லாக ஒட்டிக்கொண்டிருப்பது சுண்ணாம்பு. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றனவே, அதே பொருள்தான். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் இன்றும் அச்சு அசலாகத் தெரியும். மண்ணில் இறங்கும் மழைநீர், வழியில் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. போர் வழியாக மேலே வந்து, சூடேறும்போதோ காயும்போதோ வாயு வெளியேறிவிட, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடுகிறது.

சுண்ணாம்புக்கு வீட்டிலேயே மருந்து உண்டு. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துணியை நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பாட்டிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. அடைத்துப்போன ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடலாம்.

கடை ஆசிட்டும் சுண்ணாம்பைக் கரைக்கத்தான் செய்யும். அதோடு குழாயின் குரோமிய முலாமையும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் சேர்த்து அரிக்கும். சிமென்ட்டின் தாய்ப்பொருளே சுண்ணாம்புக்கல்தானே! இடுக்கு அரித்த பிறகு தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும். ‘பிளம்பர் வேலை சரியில்லை’ என்று பழி மட்டும் அவர் தலையில் விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் பளிச்சுனு போகும்’ என்று ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பவர்கள் உண்டு. கலந்த மாத்திரத்தில் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கண் எரிந்து இருமல் வந்தால், கழுவி முடிக்கலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘படிகாரம் போட்டா கடினத்தன்மை போயிடும்’ என்பதும் பரவலான நம்பிக்கை. படிகாரம் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். கரைந்திருக்கும் சுண்ணாம்பை அது தொடாது. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி படிந்து பாத்திரத்தின் அடியில் தங்கும், மிச்சம் அப்படியே இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நாக்கு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும்.

கீஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பம் கூடக் கூட சுண்ணாம்புப் படிவும் கூடும். ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டினால் தண்ணீர் சூடாக நேரம் ஆகும், கரன்ட் பில் ஏறும். கீஸரின் பாதுகாப்பு வால்வு எப்போதாவது சொட்டுவதைப் பார்த்து, ‘லீக்’ என்று அதை அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் கூடும்போது வெளியே விடுவதற்காகவே வைத்த வழி அது. அடைத்தால் கீஸர் வெடிக்கலாம். ஓயாமல் சொட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

குழாய் சொட்டினாலோ, பலம் கொண்ட மட்டும் திருகி மூடுவது நம் ஊர்ப் பழக்கம். ஏற்கெனவே தேய்ந்த வாஷர் அதில் இன்னும் நசுங்கும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போய்விடும், வருடத்துக்கு 1,500 லிட்டர். ஒரு வாஷர் எத்தனை ரூபாய் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள்.

தெருக்குழாய் இணைப்பில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதை ‘எல்லாரும்தான் பண்றாங்க’ என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பங்கைத் திருடுவது ஒருபுறம் இருக்கட்டும். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய சாக்கடை நீரும் உள்ளே வந்துவிடும். வந்து சேர்வது அந்த மோட்டார் வீட்டுத் தொட்டிக்குத்தான்!

பெருமையாகச் சொல்லப்படும் இன்னொரு விஷயம்: ‘‘வீடு கட்டி இருபது வருஷமாச்சு, செப்டிக் டேங்கை ஒரு தடவைகூட எடுத்ததில்லை.’’ இதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. முறையாகக் கட்டிய தொட்டியில் கசடு சேரத்தான் செய்யும். இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். நிறையவே இல்லையென்றால், பெரும்பாலும் அடியில் தளமே போடாமல் உறை மட்டும் இறக்கிய குழியாக இருக்கும். அதாவது, கழிவு நேராக நிலத்துக்குள் போகிறது. நாலடி தள்ளி உங்கள் போர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிட்டும் பினாயிலும் நிறைய ஊற்றினால் தொட்டி சுத்தமாகும் என்பதும் தவறு. கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள்தான் முதலில் சாகும்.

தொட்டியைத் திறக்கும்போது ஒரு பழைய நம்பிக்கை உயிரையே வாங்கிவிடும். கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல, செப்டிக் டேங்கிலும் மெழுகுவத்தி கொளுத்திப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் மீத்தேன் தீப்பற்றும். அங்கேயே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விளக்கு காட்டிக்கொடுக்காது. அழுகிய முட்டை நாற்றம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், வாயு அதிகமானதும் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போன மூன்றாமவரும் அடுத்தடுத்து இறந்த செய்திகளைத் தமிழ்நாடு எத்தனையோ முறை படித்திருக்கிறது.

ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘அவர்தானே இறங்குறேன்னு சொன்னார்’ என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைப் பற்றி நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்கலாம். 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

விருந்தாளி அறைக் குளியலறையில் திடீரென நாற்றம் அடித்தால், உடனே டேங்க் நிறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். வெயில் காலத்தில் அது பெரும்பாலும் வேறு காரணம். தரையில் இருக்கும் ஜாலிக்குக் கீழே வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. பல வாரம் புழங்காமல் கிடந்தால் அது வற்றிவிடும். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.