கோயம்புத்தூர் இல்லை, கோயிம்பிரா!



கோயிம்பிரா என்றதும் கோயம்புத்தூர்னு நினைச்சுடாதீங்க. இது போர்ச்சுகல் நாட்டில் மொண்டேகு ஆற்றங்கரையில் உள்ள ஊர். நம்ம திண்டுக்கல்லில் மலை மேல் கோட்டை இருக்கு. அங்கே குன்றின் மேல் பல்கலைக்கழகம் இருக்கு! 1290இல் தொடங்கியது. லிஸ்பனுக்கும் கோயிம்பிராவுக்கும் பலமுறை இடம் மாறி, 1537 முதல் கோயிம்பிராவிலேயே நிலைத்துவிட்டது. அரசரின் பழைய அரண்மனையே வகுப்பறைகளாக மாறியது. 2013இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே என்ன பார்க்கலாம்?

1. மணிக்கூண்டு: அதில் உள்ள ஒரு மணிக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'வெள்ளாடு'. வகுப்புக்குக் கூப்பிடும் மணி அது. நம்ம ஸ்கூல் மணிக்கும் ஒரு பேர் வைக்கலாமே!

2. ஜோவானினா நூலகம்: 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. இங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. யாரும் விரட்டுவதில்லை. ராத்திரியில் புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்று அவை காவல் காக்கின்றன. எச்சம் படாமல் இருக்க சாயந்தரம் மேசைகள் மேல் தோல் விரிப்பு போட்டு, காலையில் சுத்தம் செய்கிறார்கள்.

3. கறுப்பு அங்கி: மாணவர்களின் பாரம்பரிய உடை. மே மாதம் ரிப்பன் எரிக்கும் விழா நடக்கும். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு நிற ரிப்பன்.

நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. அந்த ஊரில் படித்தவர்தான் அன்றீக் அன்றீக்கஸ் பாதிரியார். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் மீனவ மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கம்தான். ஆனால் இந்தியாவிலேயே இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அது, நம்ம தமிழில்! அச்சுச் செலவுக்குக் கடற்கரைப் பரதவ மக்களே பணம் கொடுத்து உதவினார்கள். அவர் பல வருஷம் வாழ்ந்த புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், ஆத்தூருக்குக் கிழக்கே இருக்கு. கோயிம்பிராவுக்குப் போக விமானம் வேணும். புன்னைக்காயலுக்குப் பஸ் போதும். அடுத்த சுற்றுலாவுக்கு ஆசிரியர்கள் யோசிக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?
ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, ஏலம், அன்னாசி இதெல்லாம் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். தினமும் நாம போர்ச்சுக்கீசியம் பேசிட்டுத்தான் இருக்கோம்!

முக்கியமான ஒரு விஷயம்

இவ்வளவு பெருமை உள்ள கோயிம்பிராவில் முதன்முதலாக ஒரு பெண் மாணவியாகச் சேர்ந்தது எப்போ தெரியுமா? 1891இல். தொடங்கி 601 வருஷம் கழித்து! அவர் பெயர் தொமித்திலா தெ கார்வாலியோ. கணிதமும் மருத்துவமும் படித்து டாக்டர் ஆனார். 1934இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

நம்ம பக்கமும் ஒருவர் உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மா. இளவயதிலேயே கணவரை இழந்தவர், அதுக்கப்புறம் டெல்லியில் மருத்துவம் படித்தார். 1947இல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். இன்று அங்கே பல்கலைக்கழகம் இருக்கு. கொடைக்கானலில் 1984 முதல் பெண்களுக்காகவே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கு. ரெண்டும் நம்ம மாவட்டம்தான்.

ஆனாலும் நம்ம ஊர்களில் எட்டாவது, பத்தாவது முடிச்சதும் பஞ்சு மில்லுக்குப் போன அக்காக்கள் எத்தனை பேர்! அவங்களுக்குப் படிக்க வராமல் இல்லை. வீட்டில் காசு இல்லை, கல்யாணச் செலவுக்குச் சேர்க்கணும் என்பதுதான் காரணம். கோயிம்பிராவில் கதவு திறக்க 601 வருஷம் ஆச்சு. நமக்குக் கதவு திறந்தே இருக்கு, பஸ் போகும் தூரத்தில். உள்ளே போக வீட்டார் விடணும், நாமும் கேட்கணும். ஆகவே தோழிகளே, பத்தாவதோடு நிறுத்தச் சொன்னால் பேசாமல் இருக்காதீங்க. வீட்டில் சொல்லுங்க, கேட்கலைன்னா டீச்சரிடம் சொல்லுங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி