புரட்டாசி மாதமும் பத்தாம் வகுப்புப் பையனும்

புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு சின்னப் போராட்டம் தொடங்கிவிடும்.

கறி சமைக்கிற சட்டி பரண் மேல் ஏறிக்கொள்ளும். சனிக்கிழமை என்றால் பெருமாளுக்கு மாவிளக்கு. வெளியே மழை. மூவாயிரம் அடி உயரத்து ஊர் அல்லவா? செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் இங்கே மழை கொட்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வரும் பையனுக்கு அகோரப் பசி. தட்டில் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்ததும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இன்னைக்கும் இதேதானா?"

"மாசம் பூரா இதேதான். பேசாம சாப்பிடு."

அல்சூர்ப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. தகப்பனார் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. தாயார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். தாத்தா குடியாத்தத்திலிருந்து வந்து எச்.ஏ.எல். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர், காலமாகிவிட்டார். ஆயா மட்டும் ஊரிலேயே இருக்கிறார். ஒரே பையன். வயது 15. படிப்பது பத்தாம் வகுப்பு. பெங்களூரில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ! இந்த வீட்டில் 2025-ம் ஆண்டின் புரட்டாசி எப்படிப் போயிற்று?

"பர்த்தினி அம்மா!"

பையன் தமிழ் பேசாதவன் அல்ல. பேசுவான். ஆனால் வாசலில் நண்பர்களோடு நிற்கும்போது தாயார் கூப்பிட்டால், "பர்த்தினி அம்மா!" என்றுதான் பதில் வரும். "வரேன்னு சொல்லுடா" என்பார் தகப்பனார் உள்ளே இருந்து. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்பான் பையன். அர்த்தம் ஒன்றுதான். தகப்பனாருக்குத்தான் மனசு கேட்காது.

பஸ்ஸில் போகும்போது தகப்பனார் போனில் ஊர்க்காரர்களோடு உரக்கப் பேசுவார். அந்தப் பக்கம் கிராமம். உரக்கப் பேசினால்தான் கேட்கும் என்பது அவர் நினைப்பு. பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பான். "அப்பா, மெதுவாப் பேசுங்க." மானம் போகிறதாம்! இந்த வயதுப் பையன்களுக்குத் தகப்பன் எந்த மொழியில் பேசினாலும் மானம் போகத்தான் செய்யும். அது வேறு விஷயம்.

ஆனால் அதே பையன் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பாதி வேலை நடக்காது. தகப்பனார் கன்னடம் பேசுவார், படிக்கத் தெரியாது. கரண்ட் பில்லோடு வந்த நோட்டீஸ், ரேஷன் கார்டு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் பையன் கைக்குத்தான் போகும். அவன் படித்துச் சொல்வான். அவர் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்கார அம்மாள் வாடகையை உயர்த்தப் போவதாகச் சொன்னபோது, தகப்பனாருக்காக நின்று பேசியவன் இவன்தான். ஐந்நூறு ரூபாய் குறைந்தது. தகப்பனாருக்குப் பெருமை. தமக்குப் பதில் பிள்ளை பேச வேண்டியிருக்கிறதே என்று ஒரு சின்னக் கூச்சமும் கூட.

செப்டம்பர் பரீட்சை

கர்நாடகப் பள்ளிகளில் தசரா லீவுக்கு முன்பு பரீட்சை முடிந்துவிடும். அதோடு பாதி வருஷம் போனதாகக் கணக்கு. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்த மதிப்பெண் 625. முதல் மொழிக்கு மட்டும் 125. மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலா 100. பையன் எடுத்திருக்கும் முதல் மொழி கன்னடம். இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது இந்தி. தமிழ் எங்கே? எங்கும் இல்லை.

விதியில் இடம் இல்லாமல் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழையும் முதல் மொழியாக எழுதலாம். ஆனால் அதற்குத் தமிழ் வாத்தியார் உள்ள பள்ளிக்கூடம் வேண்டும். அது வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, கர்நாடகத்தில் எந்தப் பள்ளியானாலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தே தீர வேண்டும். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிழைக்கிற ஊரின் மொழியைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். கன்னடத்துக்கு ஒரு இடம் போய், ஆங்கிலத்துக்கு ஒரு இடம் போய், மீதி இருக்கும் ஒரே இடத்தில் அனேகப் பள்ளிகள் இந்தியை உட்கார வைத்துவிட்டன. அங்கேதான் கதை முடிந்து போகிறது.

கன்னடத்தில் பையன் வாங்கியது 125-க்கு 108. கணக்கில் வாங்கியதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மகாளய அமாவாசை அழைப்பு

பையனின் உயிர் நண்பன் பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன். இருவரும் ஒரே வகுப்பு. இதில்தான் ஒரு சிக்கல். அந்த வீட்டில் சிராவண மாதத்தில் கறி கிடையாது. ஆகஸ்டு மாதம் போனதும் அவர்கள் விரதம் முடிந்துவிடும். அவர்கள் முடிக்கிற சமயத்தில் தமிழன் வீட்டில் புரட்டாசி தொடங்கும்!

போதாதற்கு இன்னொன்றும் உண்டு. பழைய மைசூர்ச் சீமையில் பல சமூகத்தார் பித்ரு பட்சத்தில் முன்னோர்களுக்குக் கறிச் சோறு படைப்பது வழக்கம். உற்றாரையும் அண்டை அயலாரையும் கூப்பிட்டுப் பந்தி போடுவார்கள். மகாளய அமாவாசை அன்று பெங்களூர்க் கறிக்கடைகளில் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தமிழ்நாட்டில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வாழைக்காய்ப் பொரியலோடு முடிகிற அதே நாள்! 2025-ல் மகாளய அமாவாசை செப்டம்பர் 21-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. புரட்டாசி பிறந்து ஐந்தாம் நாள்.

சனிக்கிழமையே பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொல்லிவிட்டார். "நாளைக்கு ஊட்டக்கு மகனைக் களிசி." மகனைச் சாப்பாட்டுக்கு அனுப்பி வை என்று அர்த்தம். தாயாருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேறு யாராவது கூப்பிட்டிருந்தால், "எங்களுக்குப் புரட்டாசி" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். இந்த வீட்டுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

பால் பாக்கெட்

2016-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதியைப் பெங்களூர்த் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். தஞ்சைப் பக்கம் சம்பாவுக்குத் தண்ணீர் வேண்டிய மாதமும் இதுதான். மழை பொய்த்த வருஷத்தில் கர்நாடக அணைகளில் தண்ணீர் இருக்காத மாதமும் இதுதான். அதனால்தான் காவிரிச் சண்டை பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டியே மூளுகிறது. அந்த வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். 12-ம் தேதி அதை 12,000 ஆக்கி, 20-ம் தேதி வரை விடச் சொன்னது. அன்று மத்தியானமே நகரம் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டிகள் எரிந்தன. நாயண்டஹள்ளிப் பக்கம் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் சாம்பலாயின. பல போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள்.

அன்று பையனுக்கு ஆறு வயது. ஜன்னலை அடைத்துவிட்டு, டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1991 டிசம்பர் கலவரத்தைச் சிறு வயதில் பார்த்தவர் தகப்பனார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம். திறக்கப் பயம். "நானு கணம்மா" என்ற குரலைக் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், கையில் இரண்டு நந்தினிப் பால் பாக்கெட்டோடு நின்றார். "நீங்க யாரும் வெளியே வராதீங்க. எது வேணுமானாலும் எனக்குச் சொல்லுங்க" என்றார் கன்னடத்தில். மூன்று நாள் பாலும் காய்கறியும் அவர் கையால்தான் வந்தன. அன்றிலிருந்து தாயாருக்கு அவர் அக்கா. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே!

2023-லும் செப்டம்பர் 26-ல் ஒரு பந்த், 29-ல் ஒரு பந்த். இந்தத் தடவை காலையில் பால் வாங்கப் போனவன் பையன். போகாதே என்று தகப்பனார் தடுத்தார். "என்னைப் பார்த்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் கன்னடத்தில் தமிழ் வாடையே அடிக்காது. பாலோடு திரும்பி வந்தான். அந்தக் கேள்வி மட்டும் தகப்பனார் மனசில் கிடந்து அறுத்தது. பிள்ளையைப் பார்த்தால் தமிழன் என்று தெரியவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

பள்ளியில் அப்போது ஒருவன் கேட்டானாம், "நீ யார் பக்கம்?" என்று. பையன் சொன்ன பதில்: "எங்க வீட்டுக் குழாயில வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி வருது. முதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லு." அந்தக் குழாயில் வருவதும் காவிரித் தண்ணீர்தான். 1974 முதல், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

தட்டில் விழுந்தது என்ன?

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது? ராத்திரி முழுக்கப் புருஷனும் மனைவியும் பேசினார்கள். கடைசியில் தாயார் முடிவு செய்தார். "போகட்டும். வந்ததும் தலைக்குக் குளிச்சிட்டு உள்ளே வரட்டும். பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

பையன் காலையில் இட்லியைக்கூடத் தொடவில்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு, தலை சீவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

நடந்தது இதுதான். எல்லோருக்கும் கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்த அந்த அம்மாள், இவன் இலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். "நிம் அம்மந்து விரத அல்வா?" என்றார். உள்ளே போய், தனியாக எடுத்து வைத்திருந்த வடையும் பாயசமும் ஹுளியும் கொண்டுவந்து வைத்தார். அடுப்பு மூட்டும் முன்பே இவனுக்கென்று வேறு பாத்திரத்தில் சமைத்து வைத்திருந்தாராம்!

தாயார் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையனுக்கு எது சிரிப்பு, எது அழுகை என்று விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது ஒன்றுதான்: கறி இல்லை.

ஆயாவின் ஊர்

தசரா லீவு விட்டார்கள். ஊருக்குப் போகலாம் என்றால் பையன் வேண்டாம் என்கிறான். முன்பெல்லாம் லீவு கூடி வருவதுகூடக் கஷ்டம். 2024-ல் இங்கே அக்டோபர் 3-ம் தேதி லீவு தொடங்கியது. தமிழ்நாட்டில் காலாண்டு லீவு முடிந்து 7-ம் தேதி பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. 2025-ல் நாள் கூடி வந்தது. பையனுக்குத்தான் மனசு வரவில்லை. அவன் பேச்சைக் கேட்டு மாமன் பிள்ளைகள் "கன்னடத்தான் வந்துட்டான்" என்று கேலி செய்கிறார்களாம். இங்கே தமிழன், அங்கே கன்னடத்தான்! போனில் ஆயா கேட்டார்: "ஏண்டா கண்ணு வரலே? பரீட்சையா?" பையன் "ஆமாம் ஆயா" என்று பொய் சொன்னான். பிறகு நெடுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு 'க'

ஆயுத பூஜை அன்று தையல் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. பையனின் புத்தகங்கள் அதன் பக்கத்தில். தாத்தா இருந்த காலத்தில் தொழிற்சாலைக்கே குடும்பத்தோடு போய்ப் பொரி கடலை வாங்கி வருவார்கள் என்று தகப்பனார் கதை சொன்னார்.

மறுநாள் விஜயதசமி. எழுத்தறிவிக்கும் நாள். தாயார் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பதினைந்து வயதுப் பிள்ளையை எதிரில் உட்கார வைத்தார். இந்த ஊரில் தமிழ் படிக்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அல்சூர் ஏரிக்கரையில் 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1991-ல் வைக்கப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009-ல் திறந்த வள்ளுவர் சிலையும் அந்தப் பக்கத்தில்தான். பையன் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறான். ஆனால் பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு நடுவில் வகுப்புக்கு ஏது நேரம்? அதனால் வீட்டிலேயே தாம்பாளம்.

"இது என்னம்மா சின்னப் பிள்ளை மாதிரி!" என்று சிணுங்கினாலும் எழுதினான். உயிரெழுத்து சீக்கிரம் வந்தது. 'க' வந்ததும் நிறுத்திவிட்டான்.

"கன்னடத்துல இதுக்கு நாலு எழுத்து இருக்கே. தமிழ்ல ஒண்ணுதானா? 'கடல்'லயும் இதேதான், 'தங்கம்'லயும் இதேதானா? எங்கே எப்படிப் படிக்கணும்னு எப்படித் தெரியும்?"

தாயாருக்குப் பதில் தெரியவில்லை. அவர் இதை யோசித்ததே இல்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "நீ வாயால சொல்லிப் பாரு. தானா வரும்."

பையன் சொல்லிப் பார்த்தான். "கடல். தங்கம்." தானாகத்தான் வந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

சாப்பாட்டு வேளையில் ஆளைக் காணோம். சுவரில் மாட்டியிருந்த தமிழ்த் தினசரி காலண்டருக்கு முன்னால் நின்று, தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். பு... ர... ட்... டா... சி. அடுத்த தாள். புரட்டாசி. அதற்கடுத்த தாள். புரட்டாசி. வெகுநேரம் கழித்து ஒரு தாளில் வேறு எழுத்து வந்தது. ஐ... ப்... ப... சி.

"அம்மா! இன்னும் ரெண்டு வாரம் இருக்கு!" என்று கத்தினான்.

"ஆமாண்டா" என்று சொல்லிக்கொண்டே தாயார் தட்டில் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினார்.